சிஓஇ மிச்சமிருக்கும் வரை: பழைய டொயோட்டா 86 உடன் என் அனுபவம்

சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புபவர்கள் எஞ்சின் எப்படி இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முன்பு எத்தனை பேர் கையில் இருந்தது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அவை தேவையான கேள்விகள்தாம் என்றாலும், காரைச் சாலையில் வைத்திருக்கப் பத்து ஆண்டுகளுக்குத் தரப்படும் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது நாம் எல்லோரும் சொல்லும் சிஓஇ, இன்னும் எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்ற கேள்விக்குப் பிறகே அவை வர வேண்டும் என்பது என் கருத்து. 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பதிவான, கையால் கியர் மாற்றும் டொயோட்டா 86 ஒன்றை நான் 2021இல் வாங்கினேன். 2023இல் அதன் சிஓஇயை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து இன்றுவரை ஓட்டி வருகிறேன். இந்தக் கார் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் பணத்தின் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990இல் தொடங்கிய இந்த முறையில் சிஓஇ விலை ஏலத்தைப் பொறுத்தது. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவில் அது 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவில் 150,001 வெள்ளிக்கு ஏறியது. 1998 சிசி எஞ்சின் கொண்ட 86 பி பிரிவைச் சேர்ந்தது. ஆகவே, ஒரே ஆண்டில் தயாரான, ஒரே நிறமுடைய, ஒரே அளவு ஓடிய இரண்டு 86 கார்களில் ஒன்று மற்றதைவிட இருமடங்கு விலைக்குப் போனால் அதில் வியப்பில்லை; வேறுபாடு பெரும்பாலும் காரில் இருக்காது, சிஓஇயில்தான் இருக்கும். விற்பனையாளர்கள் ஆண்டுத் தேய்மானம் என்று ஒரு தொகையைச் சொல்வது இதற்காகத்தான். கேட்கும் விலையிலிருந்து கடைசியில் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். அதை விற்பனையாளர் சொல்லக் கேட்காமல் நாமே காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

திரும்பக் கிடைக்கும் தொகை என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பத்து ஆண்டுகள் முடிவதற்குள் காரின் பதிவை நீக்கினால், முதலில் செலுத்திய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவாகத் திரும்ப வரும். அதைத்தான் பார்ஃப் என்கிறோம். 2013இல் நடப்புக்கு வந்த படிநிலைக் கட்டணத்தின்படி, திறந்த சந்தை மதிப்பு, அதாவது இறக்குமதியின்போது கணித்த மதிப்பு, 25,000 வெள்ளியாக இருந்த ஒரு காருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு நூறு விழுக்காடும் அடுத்த 5,000 வெள்ளிக்கு 140 விழுக்காடும் சேர்த்து 27,000 வெள்ளி கட்டணம் ஆகியிருக்கும். பத்தாம் ஆண்டில் பதிவை நீக்கினால் அதில் பாதி, அதாவது 13,500 வெள்ளி, திரும்ப வந்திருக்கும். சிஓஇயைப் புதுப்பித்த கணத்தில் அந்தத் தொகையை நாம் அடியோடு விட்டுக்கொடுக்கிறோம். ஆகவே, புதுப்பிப்பதற்கான உண்மையான செலவு அரசாங்கம் கேட்கும் தொகை மட்டுமன்று. கைவிட்டுப்போன பார்ஃப் தொகையையும் அதோடு கூட்ட வேண்டும்.

என் காருக்கு அந்த நேரம் 2023இல் வந்தது. அப்போது பி பிரிவில் கடந்த மூன்று மாத சராசரியான பிகியூபி, பத்து ஆண்டுகளுக்கு ஆறு இலக்கத் தொகையை எட்டியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு அதில் பாதி கட்டினால் போதும், ஆனால் அதன்பின் மீண்டும் புதுப்பிக்க முடியாது. கார் கண்டிப்பாகச் சாலையை விட்டு நீங்க வேண்டும். பட்டறையில் காரைத் தூக்கி அடிப்பாகம், கிளட்ச், எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிவிட்டு, நான் ஐந்து ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். இருபது வயதுவரை ஒரு காரை இந்த ஈரப்பதத்தில் நல்ல நிலையில் வைத்திருக்க முடியாது என்று நான் நினைக்கவில்லை. அந்த விலையைப் பத்து ஆண்டுகளுக்கு இப்போதே பூட்டி வைப்பதுதான் எனக்கு உவப்பாக இல்லை. பத்து ஆண்டுகள் எடுத்தவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு: பின்னால் விற்க வேண்டி வந்தால், ஐந்தாண்டுக் காரைவிடப் பத்தாண்டுக் காருக்கு வாங்குபவர் எளிதில் கிடைப்பார்.

இனி, வாங்குவதற்கு முன் இந்த மாடலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது. 86இன் எஞ்சின் சுபாருவின் தயாரிப்பு. நான்கு சிலிண்டர்களும் படுத்த நிலையில் எதிரெதிராக அமைந்தது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் நீளமும் 86 மில்லிமீட்டர். 2012, 2013 ஆண்டுகளில் தயாரான இவ்வகை எஞ்சின்களில் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்பதற்காக 2018இன் இறுதியில் சுபாரு அவற்றைத் திரும்ப அழைத்தது. 86ம் அதில் அடங்கியது. அந்த வேலைக்கு எஞ்சினை வெளியே இறக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது இடைவெளியை அடைக்கும் பசையான சீலண்ட் அளவுக்கு மிஞ்சினால், அது உள்ளே பெயர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வழியை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே, அந்த வருடங்களின் காரைப் பார்ப்பவர்கள், வேலை நடந்ததா, எங்கே நடந்தது, அதன்பின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற மூன்றையும் ரசீதோடு கேட்க வேண்டும். வேலைக்குப் பிறகு பல ஆண்டுகள் தொந்தரவின்றி ஓடிய கார் என்றால் நான் நிம்மதியாக வாங்குவேன், என்னுடையது அப்படிப்பட்டதுதான்.

எஞ்சின் சும்மா ஓடும்போது சில்வண்டு கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அது உயர் அழுத்த எரிபொருள் பம்பின் சத்தம். இந்த மாடலில் அது பரவலாகக் கேட்பது, அதைக் கண்டு ஓடிவிட வேண்டாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் எழும் உராய்வுச் சத்தம் வேறு. அது கிளட்சை விடுவிக்கும் பேரிங்கின் தேய்மானம், கியர்பெட்டியை இறக்க வேண்டிய வேலை, விலையில் கழித்துக் கேட்கலாம். பின்விளக்குகளுக்குள் ஆவி படிவதையும் அடிக்கடி பார்க்கலாம். ஸ்பார்க் பிளக்குகள் காரின் சட்டகத்தின் ஓரத்தில் ஒடுங்கி இருப்பதால் மாற்றக் கூலி கூடுதலாகும். மாற்றிவிட்டார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியம், முன்னைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்பது. 86ஐ வாங்கி அப்படியே வைத்திருந்தவர்கள் குறைவு. புகைக்குழாய் மாற்றத்திற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை. பத்து ஆண்டுகளைக் கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்பதால், ஒப்புதல் இல்லாத பாகம் ஒவ்வொரு ஆண்டும் தலைவலியாகும். கண்ணாடியின் நிறப்பூச்சும் அப்படியே: முன் கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும், பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு. நான் பார்த்த கார்களில் மிக அழகாக இருந்தவற்றை இந்த ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டு, நிறுவனத்திலிருந்து வந்தபடியே இருந்த, பெயிண்ட் சற்று மங்கிய ஒன்றை எடுத்தேன். மூலப் பாகங்கள் வீட்டில் இருக்கின்றன என்று விற்பவர் சொன்னால், விலை பேசுவதற்கு முன்பே அவற்றைக் கண்ணால் பார்த்துவிடுவது உசிதம்.

விற்பவர் யார் என்பதும் சட்டத்தில் வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன்’ சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் அது வணிகரிடம் வாங்குவோருக்கு மட்டுமே. தனிநபரிடம் நேரடியாக வாங்குவோருக்கு அந்தக் காப்பு இல்லை. நேரடி விற்பனையில் விலை குறையும், ஆகவே பரிசோதனைக்குச் செலவிடத் தயங்கக் கூடாது. கடன் வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட காருக்குக் கொள்முதல் விலையில் அறுபது விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும்.

ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ 200 குதிரைத் திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, சுமார் 1,240 கிலோ எடை என்ற எண்களைப் பார்த்தால் இது பெரிய வேகக் கார் அன்று. இன்றைய மின்கார்கள் பல பச்சை விளக்கு விழுந்ததும் இதைப் பின்னால் விட்டுவிடும். அதிலும் எஞ்சின் சுழற்சி 3,500க்கும் 4,500க்கும் இடையில் விசை சற்றே தொய்ந்துபோகும். புதிதாக ஓட்டுபவருக்கு ஏதோ பழுது என்று தோன்றும். ஆனால் விரைவுச்சாலைகளில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டராக உள்ள ஓர் ஊரில் எனக்கு வேகத்தால் பயனில்லை. 86ஐ வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அதிகப் பிடிப்பில்லாத 215 மில்லிமீட்டர் அகல டயர்களை அதற்குக் கொடுத்தார்கள். பின்சக்கரங்கள் தள்ள, எஞ்சின் தாழ்வாக அமர்ந்திருக்க, இருக்கை கிட்டத்தட்ட தரையில் இருக்க, மிதமான வேகத்திலேயே காரின் எடை எந்தச் சக்கரத்துக்கு நகர்கிறது என்பது இடுப்பில் தெரியும். நியோ தியூ சாலையின் வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை, அனுமதிக்கப்பட்ட வேகத்தில், கிளட்சும் கியரும் ஒத்துப்போகும் நேரத்தில் கிடைக்கும் திருப்தியை, இதைவிட இருமடங்கு சக்தியுள்ள காரில் இந்த ஊரில் பெறுவது கடினம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதன் எல்லையைத் தொடுவதற்குள் உரிமம் போய்விடும்.

மழையில் மட்டும் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தேய்ந்த டயரோடு வளைவில் அழுத்தினால் பின்புறம் சறுக்கும். நிலைப்புக் கட்டுப்பாடு அதைப் பிடித்துக்கொள்ளும் என்றாலும், பின் டயர்களை முழுதும் தேயும்வரை நான் வைத்திருப்பதில்லை.

அன்றாட வாழ்வில் இந்தக் கார் எப்படி என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் மறைக்காமல் சொல்வது: பின்னிருக்கை பையை வைப்பதற்குத்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இருபுறமும் கார் நின்றால், நீண்ட கதவைப் பாதி திறந்து உடலைச் சுருக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மா இதில் ஏறுவதில்லை. கோயிலுக்குப் போகும்போது டாக்சி அழைத்துவிடுகிறோம். மனைவியிடம் இருப்பது தானியங்கிக் கார்களுக்கான 3ஏ உரிமம் என்பதால் அவரும் இதை ஓட்ட முடியாது, ஆகவே வீட்டில் ஒரே கார் என்றால் கைக்கியர் காரைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும். மாலையில் மத்திய விரைவுச்சாலையில் ஊர்ந்து வரும்போது இடது கால் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் பின்னிருக்கையை மடித்தால் நான்கு டயர்கள் போகும் அளவுக்கு இடம் விரியும். பொங்கலுக்குக் கேம்பல் லேனில் வாங்கிய கரும்பை நான் வீட்டுக்குக் கொண்டுவருவது அந்த இடத்தில்தான்.

செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998 சிசிக்குச் சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி. பத்து ஆண்டுகளைக் கடந்தபின் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் கூடி, ஐம்பது விழுக்காடு வரை போகும். நகரத்தில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் அளவில்தான் எனக்குக் கிடைக்கிறது. நான் நிரப்பும் 98 ரகப் பெட்ரோலில் லிட்டருக்குத் தீர்வை மட்டுமே 79 காசு. வெயிலில் உட்புறப் பிளாஸ்டிக் வெளிறிவிடும் என்பதால் கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. பழுதுபார்ப்பு, நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு: ரப்பர் புஷ்கள், குளிர்சாதனக் கம்ப்ரசர், பேட்டரி, டயர்கள். அத்தனையையும் கூட்டினாலும் சிஓஇயின் ஓராண்டுப் பங்குக்கு அருகில் வரவில்லை. எஞ்சின் பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தில் ஸ்போர்ட்ஸ் காரைத் தவிர்ப்பவர்கள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும்.

காப்புறுதி வேறு விதம். பத்து ஆண்டுகளைக் கடந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு முழுக் காப்பு தர எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை. ஆகவே காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விலைப்புள்ளி வாங்கிவிட வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு மலேசியாவின் ஜொகூர் இருக்கிறது. தரைவழியே வெளியேறும்போது எரிபொருள் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். 86இன் 50 லிட்டர் தொட்டிக்கு அது 37.5 லிட்டர். 2025 ஜூலை முதல் மலேசியாவில் வாகன நுழைவு அனுமதி கட்டாயமாக அமல்படுத்தப்படுவதால் அதையும் எடுத்துவிட வேண்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகத்தில் டயர்களின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். ஆறாம் கியரில் எஞ்சின் சிரமமின்றி ஓடும். இடுப்புதான் இரண்டு மணி நேரத்தில் ஓய்வு கேட்கும். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்ட விரும்புவோர், வழக்கமான கார்க் காப்புறுதி அங்கே செல்லாது என்பதை அறிந்து போக வேண்டும்.

2028இல் சிஓஇ முடிந்ததும் இந்தக் காருக்குப் பார்ஃப் இல்லை. பதிவை நீக்கிய ஒரு மாதத்துக்குள் ஏற்றுமதி செய்வதா, உடைக்கக் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஆகவே செலவை அந்தத் தேதியை வைத்தே தீர்மானிக்கிறேன்: பிரேக், டயர், எண்ணெய் ஆகியவற்றில் கைவைப்பதில்லை; மங்கிய பெயிண்டை மட்டும் மறுபடி அடிக்கப் போவதில்லை. கிளட்ச் 2028 வரை தாக்குப்பிடிக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த சோதனைக்குப் போகும்முன் இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன்.