ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ: 8 ஜிபி லேப்டாப்பில் செயலி எழுத முடியுமா?

முடியும், எமுலேட்டரை (கணினித் திரையில் ஓடும் போலிப் போன்) தொடாமல் இருந்தால். ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருளான ஸ்டூடியோ மட்டும் ஓட 8 ஜிபி ரேம், எமுலேட்டரும் வேண்டுமென்றால் 16 ஜிபி என்று கூகுளே சொல்லிவிடுகிறது. அந்தக் கணக்கில் கொசுறு எதுவும் கிடையாது. ஸ்டூடியோ, கிரேடில் டீமன் (எழுதியதைச் செயலியாகக் கட்டும் கருவி, பின்னணியில் ஓடுவது), கோட்லின் கம்பைலர் டீமன் (கோட்லின் மொழியில் எழுதிய நிரலை மாற்றிக் கொடுப்பது) என மூன்று ஜாவா புராசஸ்கள் ரேமைப் பங்கு போட்டுக்கொள்ளும். மிச்சத்தில் விண்டோஸும் பிரவுசரும் பிழைத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி வாங்குங்கள். பில்ட், அதாவது எழுதியதைச் செயலியாகக் கட்டுவது, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படித்து எழுதும் வேலை. ஹார்ட் டிஸ்க் அங்கேதான் மூச்சு வாங்கும்.

ஸ்டூடியோ இலவசம். ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் இன்டெல்லிஜே ஐடியா என்ற நிரலெழுதும் மென்பொருளை அடித்தளமாக வைத்துக் கட்டியது. 2013இல் அறிவித்தார்கள், 2014 டிசம்பரில் 1.0 வந்தது. அதுவரை எக்லிப்ஸ் என்ற பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது பெரிய விடுதலை. எழுதும்போதே தவறைக் காட்டுவது, பெயரை மாற்றினால் புராஜெக்ட் முழுக்க மாற்றிக் கொடுப்பது, கோட்லினில் அடுத்து என்ன வரும் என்று யூகிப்பது ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவலி எடிட்டரில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது.

முதல் தலைவலி கோப்புறைப் பெயர். விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள். புராஜெக்ட் இருக்கும் பாதையில் ஆங்கிலமல்லாத எழுத்து இருந்தால் பில்ட் அநேகமாகத் தோற்கும் என்று கருவியே எச்சரித்து நின்றுவிடும். எஸ்டிகே (செயலி கட்டத் தேவையான ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு) இருக்கும் பாதையில் இடைவெளி இருந்தாலும் முனகும். சி டிரைவிலோ டி டிரைவிலோ நேரடியாக ஒரு குட்டிக் கோப்புறை போட்டு, புராஜெக்ட், எஸ்டிகே இரண்டையும் அதற்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது கிரேடில். புது புராஜெக்ட் திறந்ததும் கீழே ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். கிரேடில், ஆண்ட்ராய்டு பிளகின் (ஆண்ட்ராய்டு செயலி கட்ட கிரேடிலுக்கு உதவும் துணைக்கருவி), லைப்ரரிகள் எல்லாவற்றையும் அது நெட்டிலிருந்து இறக்குகிறது. முதல் தடவை மட்டும்தான் இவ்வளவு நேரம். நடுவில் பொறுமையிழந்து நிறுத்தினால் பாதி இறங்கிய கோப்போடு அடுத்த தடவை வேறு பிழை வரும். டேட்டா கணக்குப் பார்ப்பவர்கள் முதல் பில்டை வைஃபையில் முடித்துவிட்டு, கிரேடில் பலகையில் ஆஃப்லைன் மோடைப் போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்தாலும் டீமன் மூன்று மணி நேரம் ரேமைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். டெர்மினலில் கிரேடில் ஸ்டாப் கட்டளை கொடுத்தால் எழுந்து போகும். ஃபைல் மெனுவில் உள்ள பவர் சேவ் மோடும் 8 ஜிபிக்காரர்களுக்கு நல்ல துணை. பின்னணிச் சோதனைகள் நின்றுவிடும், தட்டச்சு இழுக்காது.

வேறொருவரின் புராஜெக்டை இறக்கித் திறக்கும்போது 'இந்த பிளகின் பதிப்பு பொருந்தாது' என்று வந்தால், அவருடைய ஸ்டூடியோ உங்களுடையதைவிடப் புதியது என்று பொருள். உங்கள் ஸ்டூடியோவைப் புதுப்பியுங்கள், பிளகினைக் கீழே இறக்கிப் போராடாதீர்கள். ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) பிழை என்றால், பிளகின் 8இலிருந்து ஜாவா 17 கட்டாயம். கிரேடில் அமைப்புகளில் ஸ்டூடியோவோடு வரும் ஜேடிகேயைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்து எழுதுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை: ஜேசென்டர், ஏசிங்க்டாஸ்க், கோட்லின் சிந்தெடிக் ஆகிய பழைய வழிகள் ஒரு பாடத்தில் வந்தால், அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள். அந்தக் காலம் முடிந்தது.

எமுலேட்டருக்குப் பதில் கையிலுள்ள போனே போதும். அமைப்புகளில் போனைப் பற்றி என்ற பகுதிக்குப் போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகினால், இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும். கேட்கவே இல்லையென்றால் முதல் குற்றவாளி கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டில் நிறைய இருக்கும், அவற்றில் தரவு போகாது. ரெட்மி, போக்கோ போன்களில் 'இன்ஸ்டால் வயா யூஎஸ்பி' என்று இன்னொரு சுவிட்ச் தனியாக உண்டு. அதை இயக்காவிட்டால் பில்ட் வெற்றி என்று சொல்லும், செயலி போனில் ஏறாது. ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளே வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்து கியூஆர் குறியீட்டைப் படித்தால் இணைந்துவிடும்.

இனி இயங்குதளத்தின் குணம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஒவ்வொரு செயலியையும் ஒரு தனிப் பயனராக அது நடத்துகிறது. அதனால் ஒன்றின் கோப்பை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. மேலே ஆர்ட் என்ற இயக்கச் சூழல். 2014இல் வந்த 5.0 பதிப்பில் டால்விக் என்ற பழைய சூழலை அகற்றிவிட்டு இது உட்கார்ந்தது. கணினி நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே இடறுவது ஒரே இடம்தான்: செயலி எப்போது பிறக்கும், எப்போது சாகும் என்பதை எழுதியவர் முடிவு செய்வதில்லை, சிஸ்டம் முடிவு செய்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை. ஜெட்பேக் கம்போஸில் (கோட்லினில் திரையை வடிவமைக்கும் கருவி) ஒரு பொத்தான், தட்டினால் கூடும் ஓர் எண், அவ்வளவுதான். எண்ணை ரிமெம்பர் என்பதற்குள் வையுங்கள். ஏழு தடவை தட்டிவிட்டுப் போனைப் பக்கவாட்டில் திருப்புங்கள். எண் மறுபடி பூஜ்யம். திரை திரும்பியதும் சிஸ்டம் அந்த ஆக்டிவிட்டியை, அதாவது செயலியின் அந்தத் திரையை, அழித்துப் புதிதாக உருவாக்கிவிட்டது. ரிமெம்பர் சேவபிள் என்று மாற்றினால் ஏழு ஏழாகவே நிற்கும். திரையைத் திருப்பவே விடாமல் பூட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. பின்னணிக்குப் போன செயலியை ரேம் தட்டுப்பாட்டில் சிஸ்டம் கொல்லும்போது அதே இழப்பு வரும், திரைக்கான தரவை வைக்கும் வியூமாடலில் வைத்ததும் அப்போது போய்விடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதைப் போட்டுவிட்டு ஒருநாள் உங்கள் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஓட்டைகள் வரிசையாக வெளியே வரும்.

செயலி திடீரென மூடிக்கொண்டால் லாக்கேட்டை (போனின் பதிவுகளைக் காட்டும் பலகை) திறந்து, சிவப்பு வரிகளில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் கடைசி வரியைத் தேடுங்கள். மேலே உள்ள நாற்பது வரிகளைப் படிக்கத் தேவையில்லை. நெட் சம்பந்தமான பிழைகள் பெரும்பாலும் நாலுதான்: மேனிஃபெஸ்ட்டில் (செயலியின் விவரக் கோப்பு) இன்டர்நெட் அனுமதி எழுத மறந்தது, முகவரியில் எஸ் இல்லாத எச்டிடிபி (ஆண்ட்ராய்டு 9 முதல் இயல்பாகவே தடை), திரையை இயக்கும் மெயின் த்ரெட்டிலேயே நெட்டைக் கூப்பிட்டது, எமுலேட்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியது. எமுலேட்டருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதுவேதான். உங்கள் கணினியை எட்ட 10.0.2.2 எழுத வேண்டும். பிழை எதுவும் காட்டாமல் திரை மட்டும் உறைந்து நின்றால், ஏதோ கனமான வேலை மெயின் த்ரெட்டில் ஓடுகிறது. தொடுதலுக்கு ஐந்து விநாடி பதில் இல்லையென்றால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற பெட்டி வந்துவிடும்.

அனுமதி கேட்பதிலும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒருவர் இரண்டு தடவை மறுத்துவிட்டால் பெட்டி மறுபடி வராது. திறந்தவுடன் கேமராவையும் இருப்பிடத்தையும் கேட்காமல், தேவைப்படும் திரையில் கேளுங்கள்.

தமிழ்ச் செயலி எழுதுபவர்களுக்கு ஸ்டூடியோவின் பிரிவியூ (திரை எப்படி வரும் என்று காட்டும் பகுதி) ஒரு வரம், 8 ஜிபியில் கொஞ்சம் மெதுவான வரம். பொத்தானில் 'பூட்டு' என்று எழுதிப் பாருங்கள். ட்-இன் புள்ளி மேலே போகும், பூ-வின் கால் கீழே இறங்கும். உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து இறுக்கமாக நிர்ணயித்திருந்தால் இரண்டில் ஒன்று வெட்டுப்படும். உயரத்துக்குக் குறைந்தபட்சம் மட்டும் கொடுங்கள். ஏபிஐ 35ஐ (ஆண்ட்ராய்டு 15) குறிவைக்கும் செயலிகளில் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு இயல்பாகவே இயங்குகிறது. தமிழ் போன்ற எழுத்துகளுக்கு உயரத்தைப் பிழியாத, படிக்க வசதியான எழுத்துரு கிடைக்கும். வரி உயரம் கூடுவதால் பழைய வடிவமைப்பு சற்றுக் கலையலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும் கட்டம். பிளே ஸ்டோருக்குச் செயலி அனுப்பும் தளமான பிளே கன்சோலில் பதிவுக்கு ஒரே தடவை 25 டாலர். 2021 ஆகஸ்ட் முதல் புதுச் செயலிகளுக்கு ஏபிகே (போனில் நேரடியாக ஏறும் கோப்பு) செல்லாது, ஆப் பண்டில்தான் (ஒவ்வொரு போனுக்கும் ஏற்ற ஏபிகேயைக் கடையே செய்துகொள்ளும் தொகுப்பு). 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுச் செயலியும் புதுப்பிப்பும் குறைந்தது ஏபிஐ 35ஐக் குறிவைத்திருக்க வேண்டும். ஒப்பமிடும் அப்லோட் கீ தொலைந்தால் கன்சோலில் மாற்றிக் கேட்கலாம். ஆனாலும் கீ கோப்பையும் கடவுச்சொல்லையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு இன்னொரு தடை உண்டு: 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) இருந்தால்தான் கடைக்கு அனுப்ப விண்ணப்பிக்க முடியும். முதலில் 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். செயலி பாதி தேறியதுமே நண்பர்களிடம் சொல்லி வையுங்கள். நடுவில் யாராவது விலகி எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் நாள் கணக்கு அடிபடும் என்பதால், பதினைந்து பதினாறு பேரைச் சேர்த்துக்கொள்வது உத்தமம்.