மட்க வைப்பதா, கரியாக்குவதா?

அறுவடைக்குப் பின் மிஞ்சும் தாளையும் வைக்கோலையும் மறுபடி பயிருக்கே கொடுக்க மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். முதலாண்டு அப்படியே மடக்கி உழுதேன். அடுத்த ஆண்டு உயிர்க்கரியாக, அதாவது காற்றை மட்டுப்படுத்தி மண்ணில் இடும் கரியாகச் சுட்டேன். இப்போது இரண்டு ஆண்டுகளாகக் குவித்து மட்க வைக்கிறேன். இனியும் அதையேதான் செய்வேன்.

மூன்றுமே மண்ணுக்கு நல்லவை, ஈரத்தைப் பிடித்து வைப்பவை. அதில் வழக்கு எதுவும் இல்லை. எரிப்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது.

அந்தத் தழைச்சத்துதான் என் முடிவைத் தீர்மானித்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் உடலில் 1 பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 8 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. மூச்சுவிடவும் அவற்றுக்குக் கரிமம் செலவாவதால், தின்னும் பொருளில் 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருந்தால் வரவும் செலவும் சரியாக இருக்கும். கோதுமை வைக்கோலில் இந்த விகிதம் 80-ஐத் தொடும். நெல் வைக்கோலும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. தென்னைநார்க்கழிவில் 100-ஐயே தாண்டிவிடும். இப்படிப்பட்ட பொருளை மண்ணுக்குள் தள்ளினால், பற்றாக்குறையை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே ஈடுகட்டிக்கொள்கின்றன; பயிர் பட்டினி கிடக்கிறது. மடக்கி உழுத ஒரே வாரத்தில் நான் மக்காச்சோளம் விதைத்தேன். மூன்றாவது இலை வரும்போதே வயல் வெளிறிவிட்டது. தழைச்சத்து உரம் போட்டுத் தேற்றினேன், ஆனால் இழந்த நாட்களை மீட்க முடியவில்லை. விதைப்புக்குப் பல வாரம் முன்பே உழுதிருந்தால் பாதிப்பு குறைந்திருக்கும். இரண்டு பயிர்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி கிடைக்கிறவர்களுக்கு இந்த வழி மோசமில்லை. வேலையும் இதில்தான் மிகக் குறைவு. நீர் தேங்கும் நெல் வயலில் மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே பச்சை வைக்கோல் மீத்தேனாக மாறி வெளியேறும்.

உயிர்க்கரிக்கு வருவோம். காற்றை மட்டுப்படுத்தி 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் கழிவில் இருந்த கரிமத்தில் ஏறத்தாழ பாதி கரியாக நின்றுவிடும். அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். காற்று மண்டலத்தை மட்டும் நினைத்தால் இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் என் கேள்வி பயிரைப் பற்றியது. சூட்டில் தழைச்சத்தின் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடுகிறது. எஞ்சியதும் கரியின் கட்டமைப்புக்குள் சிக்கிக்கொள்வதால் வேருக்கு எட்டுவதில்லை. விளைச்சலைப் பொறுத்தவரை பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு தெளிவாகப் பேசியது: வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 சதவீதம் கூடுதல் மகசூல், மிதவெப்ப நிலங்களில் சராசரியாகப் பலன் எதுவும் இல்லை. அமிலத்தன்மை மிகுந்த, சத்துக் குறைந்த மண்ணில் கரி சுண்ணாம்பைப் போல வேலை செய்வது இதற்கு முக்கியக் காரணம். என் மண் அமில மண் அன்று. கரி இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டு பருவம், நான்கு பாத்தி, அவ்வளவுதான் என் அனுபவம். அமில மண் உள்ளவர் என் சொல்லைக் கேட்டுக் கரியைக் கைவிட வேண்டாம்.

மட்குக் குவியல் வேலை வாங்கும். வைக்கோலோடு சாணமும் பயறுவகைத் தழையும் கலந்து தொடக்க விகிதத்தை 25-க்கும் 30-க்கும் இடையே கொண்டுவர வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறிச் சில நாட்கள் நிற்க வேண்டும், அப்போதுதான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் மடியும். சூடு தணியும்போது புரட்டிப் போட வேண்டும், முதுகு வலிக்கத்தான் செய்யும். சாணம் கூடிவிட்டால் அம்மோனியா நாற்றம் வரும். அப்படி நாறும்போது போவதும் தழைச்சத்துதான். இத்தனைக்குப் பிறகும் மட்கில் இருக்கும் தழைச்சத்தில் ஒரு சிறு பகுதியே முதலாண்டில் பயிருக்குக் கிடைக்கும். ஆனால் மட்கு பயிரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. நுண்ணுயிர்களின் பசி குவியலிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். குளோபிரலிட், அமினோபிரலிட் போன்ற களைக்கொல்லிகள் வைக்கோலிலும் சாணத்திலும் தங்கி, குவியலின் சூட்டையும் தாண்டிப் பிழைத்துவிடுகின்றன. கழிவை வெளியிலிருந்து வாங்குகிறவர்கள் மட்கில் நாலு அவரை விதையை ஊன்றிப் பார்க்க வேண்டும். புதிய இலைகள் கிண்ணம் போலச் சுருண்டால் அந்த மட்கைத் தக்காளிக்கு இடவே கூடாது.

இனி ஆராய்ச்சிக்குச் செல்லும் பொதுப்பணம். உயிர்க்கரிக்குச் சூளை விற்கலாம், காப்புரிமை வாங்கலாம், மண்ணில் பூட்டிய கரிமத்தை விற்கத்தக்க கார்பன் வரவாகக் கணக்கெழுதலாம். ஆகவே அதைத் தேடித் தனியார் பணம் தானாக வருகிறது. மட்கிலோ விற்பதற்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. இதற்கு அரசு கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்? 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆய்வு நிலையத்தில் வேளாண் ஆய்வாளர்கள் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் பயிர்க்கழிவை மூன்று மாதத்தில் மட்காக்கும் முறையை வகுத்தார்கள். அந்த நிலையத்துக்குப் பருத்தித் தீர்வையிலிருந்தும் சமஸ்தானங்களிடமிருந்தும் பணம் வந்தது. முறைக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை, எடுத்துச் செய்ய யாருக்கும் தடையில்லை. இன்றும் குவியல் போடுகிற பலர் அதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் பின்பற்றுகிறோம்.

காலமும் ஒரு சிக்கல். மூன்றாண்டுத் திட்டம் என்று பணம் ஒதுக்கினால் மூன்றாண்டில் தெரியும் பலன்தான் ஆராயப்படும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் ஒரு பார்லி வயலின் பகுதிக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் தொழு உரம் இட்டு, பிறகு நிறுத்தினார்கள். நூறாண்டுக்குப் பின்னும் அந்த மண்ணில் கரிமம், உரமே காணாத பக்கத்துப் பகுதியைவிட அதிகமாக இருந்தது. வயலை அத்தனை காலம் கலைக்காமல் காத்ததால்தான் இது தெரிந்தது. உயிர்க்கரிக்கும் இத்தகைய நீண்டகால வயல்கள் வேண்டும் என்பேன், ஏனென்றால் மண்ணில் கலந்த கரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதைத் தவிர மற்றப் பொதுப்பணம் மட்கின் பக்குவத்தை வயலிலேயே சோதிக்கும் எளிய முறைகளுக்கும், எந்தக் கழிவோடு எதை எவ்வளவு கலப்பது என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியே அளந்து சொல்லும் அட்டவணைகளுக்கும், களைக்கொல்லி எச்சப் பரிசோதனைக்கும் போக வேண்டும்.

என்னிடம் மிஞ்சியிருந்த கரியை இந்தப் பருவம் ஒரு குவியலில் பத்தில் ஒரு பங்காகக் கலந்திருக்கிறேன். அம்மோனியாவை அது பிடித்து வைக்கும் என்று சொல்கிறார்கள். முதல் புரட்டலில் நாற்றம் குறைவாகத்தான் இருந்தது; ஒரே ஒரு குவியல் என்பதால் இதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.