பறக்கும் ரயிலில் சேப்பாக்கம்: அப்பாவோடு ஒரு டெஸ்ட் நாள்

வேளச்சேரி பக்கத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிற யார் வழி கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான், தூண்கள் மேல் உயரத்தில் ஓடுகிற பறக்கும் ரயிலில் போங்கள். மெட்ரோவும் நல்ல வசதிதான், மேட்ச் நாளில் பஸ்ஸும் கிடைக்கும். ஆனால் ஸ்டேடியத்தை உரசிக்கொண்டு போய் இறக்கிவிடுவது இந்த ரயில்தான். போகிற வழியிலேயே பாதி ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம். போக வர ஆகிற செலவு ஒரு நல்ல ஓட்டல் காபியின் விலையைத் தாண்டாது.

ஒரு தடவை அப்பாவோடு டெஸ்ட் மேட்ச் பார்க்கப் போனபோது நானே இதைச் செய்யவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதே என்று ஒரு செயலியில் கார் பிடித்தேன். முதல் வண்டி ரத்தானது, இரண்டாவது வண்டி வந்து சேரவே அரை மணி நேரம் ஆனது, அப்புறம் நெரிசலில் சிக்கி நாங்கள் உள்ளே போனபோது முதல் விக்கெட் விழுந்திருந்தது. டெஸ்ட் மேட்சில் முதல் ஓவரைப் பார்க்காமல் விட்டால் அப்பாவுக்கு அன்றைக்கு முழுக்க மனசு ஆறாது. "அடுத்த தடவை ரயில்லயே போயிடலாம்மா, கால நான் பாத்துக்கறேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அந்த அடுத்த தடவைதான் 2024 செப்டம்பர் 19, வங்கதேசத்தோடு நடந்த டெஸ்டின் முதல் நாள். ஒன்பதரைக்கு ஆட்டம், நாங்கள் ஏழு மணிக்கெல்லாம் வேளச்சேரி ஸ்டேஷனில் இருந்தோம். கையில் பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, ஏனென்றால் இரண்டையுமே ஸ்டேடியம் வாசலில் நிறுத்திவிடுவார்கள். தொப்பி, போன், டிக்கெட், அப்பாவின் மாத்திரை, அவ்வளவுதான். பிளாட்பாரம் உயரத்தில் இருக்கிறது, படி நிறைய, அதனால் பெரியவர்களோடு போகிறவர்கள் கூடவே பத்து நிமிஷம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். மேலே வந்ததும் காற்று அடித்தது, முகம் தெளிந்துவிட்டது.

நேராகச் சேப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுக்காமல் இந்திரா நகர் வரைக்கும்தான் எடுத்தேன். அந்த ஸ்டேஷனின் வெளிச்சுவரை அப்பா பார்த்ததே இல்லை. 2021-இல், பொது இடச் சுவர்களில் ஓவியம் வரையவைக்கிற ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பும் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் ரயில்வேயோடு சேர்ந்து, சென்னைக்காரரான ஏ-கில், டெல்லியிலிருந்து வந்த கத்ரா என்ற இரண்டு ஓவியர்களை வைத்து அந்தச் சுவர் நீளத்துக்கும் முகங்களாக வரைந்திருக்கிறார்கள். சாதாரண மனிதர்களின் முகங்கள், ஒவ்வொன்றும் மாடி உயரம். அதில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் அந்த ஓவியத்தின் கருத்தே. எதிரே சாலையோரம் நின்று அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். "இந்த அம்மா நம்ம தெருவுல இட்லி மாவு விக்கிறவங்க மாதிரியே இருக்காங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது, ஓவியர்கள் கேட்டிருந்தால் அவர்களும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ரயிலில் உட்கார்ந்தபடியே போகிறவர்களுக்கு இந்தச் சுவர் கண்ணில் படாது, இறங்கி வெளியே வந்தால்தான் தெரியும். தினமும் இந்த வழியாக வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போங்கள். நேரம் கிடைத்தால் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகருக்கும் போய்வரலாம். அங்கே குடியிருப்புக் கட்டடங்களின் பக்கச்சுவர்களிலேயே 2020-இல் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும்.

திரும்ப டிக்கெட் எடுத்து அடுத்த வண்டி ஏறினோம். சேப்பாக்கம் போகிறவர்கள் இடதுபக்கம் உட்காருங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றுக்கு மேலே ரயில் போகிற அந்தச் சில விநாடிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். அகலமான தண்ணீர், கரையோரப் பச்சை, தலைக்கு மேல் திறந்த வானம், இவ்வளவு நெருக்கமான ஊருக்குள் இப்படி ஓர் இடம் இருப்பது தரையில் போகும்போது தெரிவதே இல்லை. அப்புறம் மந்தைவெளி, திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில். மாடி வீடுகளின் துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் பேஸ்ட்டும் பிரஷ்ஷுமாக நிற்கிறவர் என்று எல்லாம் கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலப் பக்கத்தில் வந்து போகும். கீழே பக்கிங்காம் கால்வாய் கூடவே வருகிறது. சில இடங்களில் அதன் நாற்றம் மேலே வரைக்கும் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் போன கால்வாய் இப்படிக் கிடப்பதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கிறது.

திருவல்லிக்கேணி தாண்டியதும் இடதுபக்கம் ஸ்டேடியத்தின் வெள்ளைக் கூரைகள் வந்துவிடும். பெட்டிக்குள் அதுவரை அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இடதுபக்கம் உட்காரச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த ரயில் முதலில் ஓட ஆரம்பித்தது 1995-இல், கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும் மட்டும். 1997-இல் மயிலாப்பூர், 2004-இல் திருவான்மியூர், 2007-இல்தான் வேளச்சேரி. நாங்கள் போன சமயத்தில் நான்காவது ரயில் பாதை போடும் வேலைக்காகக் கடற்கரை வரை போகாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது, அந்த அக்டோபரில் மறுபடி கடற்கரை வரை விட்டுவிட்டார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஏ.சி. கிடையாது, நடுப்பகலில் வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி அதிகம். ஸ்டேஷன்கள் தேவைக்கு மீறிப் பெரியவை. கடைகள் வரும், அலுவலகங்கள் வரும் என்று நினைத்துக் கட்டிய தளங்கள் பலவும் வெறுமையாகக் கிடக்கின்றன. மெட்ரோவோடு இணைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். யார் நடத்தினாலும் சரி, அந்தக் காலித் தளங்களில் ஒரு டீக்கடை, ஒரு பூக்கடை, ஒரு புத்தகக் கடை, நல்ல வெளிச்சம், இவை வந்தால் போதும், இரவில் தனியாக வருகிற பெண்களுக்கு எவ்வளவு தைரியமாக இருக்கும்! கட்டணத்தை மட்டும் ஏற்றிவிடாமல் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இந்தக் கட்டணத்தை நம்பித்தான் இந்த ரயிலில் வருகிறார்கள்.

சரி, மேட்சுக்கு வருகிறேன். முதல் ஓவரை இந்தத் தடவை பார்த்தோம். பார்த்ததற்குப் பலனாக ரோஹித், கில், கோலி மூன்று பேரும் போவதையும் பார்த்தோம், 34 ரன்னுக்கு மூன்று விக்கெட். மூன்றையும் எடுத்தவர் வங்கதேசத்தின் ஹசன் மஹ்மூத். பக்கத்தில் இருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது அப்பா அந்தப் பையனுக்குக் கைதட்டினார். 1999-இல் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய மைதானம் இது, அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தது அவருக்கு இன்றைக்கும் பெருமை. அப்புறம் 144-க்கு ஆறு. அங்கிருந்து அஷ்வினும் ஜடேஜாவும் ஆடியதை நான் எப்படி எழுதினாலும் போதாது. மாலை ஆட்டம் முடியும்போது 339-க்கு அதே ஆறு விக்கெட்தான், அஷ்வின் 102, ஜடேஜா 86, இரண்டு பேரும் அவுட் ஆகாமல் நடந்து வந்தார்கள். மேற்கு மாம்பலத்துப் பையன் அஷ்வின் சொந்த மைதானத்தில் சதம் அடித்து மட்டையைத் தூக்கியபோது எழுந்த சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தியா 280 ரன்னில் ஜெயித்த அந்த டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். டிசம்பரில் பிரிஸ்பேனில் அவர் ஓய்வை அறிவித்தபோதுதான், சேப்பாக்கத்தில் அவருடைய கடைசி டெஸ்டை நேரில் பார்த்திருக்கிறோம் என்று புரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் உடனே ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள், எல்லாரும் ஓடுவார்கள். நாங்கள் வாலாஜா சாலையில் மெதுவாக நடந்து கடற்கரை பக்கம் போனோம். அங்கே உழைப்பாளர் சிலை. 1959-இல் வைத்தது, செய்தவர் நம் கவின்கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பஸ்ஸில் போகும்போது நூறு தடவை பார்த்திருப்போம், கிட்டே போய் நின்று பாருங்கள். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள், முதுகுத் தசை, கழுத்து நரம்பு, கெண்டைக்கால் எல்லாம் விண்ணென்று நிற்கிறது, பாறை இன்னும் அசையவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது பெட்டியில் இன்னும் கூட்டம் இருந்தது. ஒரு கல்லூரி மாணவன் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்துவிட்டு, "சார், நீங்க நிறைய மேட்ச் பாத்திருப்பீங்கல்ல?" என்று கேட்டான். அப்பாவுக்கு அது போதும். 1986, ஆஸ்திரேலியா, கடைசி நாள், இந்தியா 348 எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வெயிலில் துவண்டு போயும் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த 210-ஐச் சொல்லி முடிக்கும்போது மயிலாப்பூர் தாண்டிவிட்டது. கடைசி ஓவரில் நான்கு ரன் தேவை, ஒரு பக்கம் சாஸ்திரி, கடைசி ஆளாக மணிந்தர் என்று அவர் வந்தபோது சுற்றி நின்ற நான்கைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேத்யூஸின் ஐந்தாவது பந்து மணிந்தரின் காலில் பட்டு அவர் அவுட் ஆகி, இரண்டு அணியும் சம ரன்னில் நின்று ஆட்டம் டை ஆனபோது வண்டி தரமணியில் நின்றிருந்தது. அந்தப் பையன் இறங்க வேண்டியது திருவான்மியூர். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு, எதிர்ப் பிளாட்பாரத்து வண்டியைப் பிடிக்கப் படியில் இறங்கி ஓடினான்.