கையுறை போட்ட கைக்குப் போன் சைகைகள்

வயரிங் என் தொழில். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டால் தொடுதிரை என்னைக் கண்டுகொள்வதே இல்லை. விரலில் உள்ள மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் திரை தொடுதலை அறியும். ரப்பர் அதை மறைத்துவிடும். அதனால்தான் போனை அசைத்தே வேலை வாங்கும் சைகைகள் எனக்குப் பிடித்துப்போயின.

முதலிடம் டார்ச்சுக்கு. என் போனைக் கையில் பிடித்து, வெட்டுவதுபோல் இரண்டு முறை உதறினால் விளக்கு எரியும். மறுபடி உதறினால் அணையும். மெயினை ஆஃப் செய்துவிட்டு இருட்டில் ஏணிமேல் நிற்கிறேன், ஒரு கை ஏணியில், இன்னொன்றில் போன். திரையில் பட்டனைத் தேட மூன்றாவது கைக்கு எங்கே போவது? உதறுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வேகமாக இறக்கிச் சட்டென்று நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் முடுக்கமானிக்கு அந்தத் திடீர் வேக மாற்றம்தான் கணக்கு, சோம்பலாக ஆட்டினால் அசையாது. இதிலேயே ஒரு தொல்லையும் உண்டு. மேடுபள்ளமான ரோட்டில் வண்டி குலுங்கினால் சட்டைப்பைக்குள் டார்ச் தானாக எரிந்துவிடும், பை சூடான பிறகுதான் தெரியும்.

மணிக்கட்டை இரண்டு முறை திருப்பினால் கேமரா. ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பழைய போர்டைக் கழற்றுமுன் எந்த வயர் எந்த டெர்மினலில் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துவைப்பேன். ஒலியளவு பட்டனை அழுத்தினாலே படம் விழும், கையுறையைக் கழற்ற வேண்டியதில்லை.

கவிழ்த்து வைத்தால் மணி அடங்கும். நன்றாகவே வேலை செய்கிறது.

காற்றில் கைவீசும் சைகைகள்தான் என்னிடம் எடுபடவில்லை. 2013-இல் கேலக்ஸி எஸ்4 இதைக் கொண்டுவந்தது. 2019-இல் பிக்சல் 4 இதற்கென்றே ஒரு குட்டி ரேடாரை வைத்தது, அடுத்த ஆண்டு வந்த பிக்சல் 5-இல் அது இல்லை. நான் பயன்படுத்திப் பார்த்த போன் முன்கேமராவை வைத்துக் கையைப் பார்க்கும் ரகம். சர்க்யூட் படத்தைத் திறந்துவைத்து, கீழே நகர்த்தக் கையை வீசினால் வெளிச்சத்தில் நகரும், மங்கலில் சும்மா கிடக்கும். எனக்கு வேலையே மங்கலில்தான்!

கூடுதல் சைகைகள் தருவதாகச் சொல்லும் ஒரு தனிச் செயலியையும் நிறுவினேன். குலுக்கினால் பாட்டு மாறும், சாய்த்தால் பக்கம் உருளும் என்று பட்டியல் நீளம். திறந்த உடனே அணுகல்தன்மை அனுமதி கேட்டது. அதைக் கொடுத்தால் திரையில் தெரிவதைப் படிக்கவும் என் சார்பில் பட்டன்களை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். வங்கிக் கணக்கும் இதே போனில்தான் இருக்கிறது. அனுமதி கொடுக்காமலே அழித்துவிட்டேன். பாட்டை மாற்றக் கையுறையைக் கழற்றினால் போகிறது.