பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான ஆய்வு முதுநிலைப் படிப்பு: ஒரு மதிப்பீடு

மருத்துவமனைப் பணியை விடாமல் பகுதிநேரமாக இரண்டு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்ற அறிவிப்பை நம்பி, கிளினிக்கல் (நோயாளிகளிடம் நடத்தும்) மற்றும் டிரான்ஸ்லேஷனல் (ஆய்வு முடிவுகளை அன்றாடச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்க்கும்) ஆய்வுக்கான முதுநிலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, அண்மையில் அதை நிறைவு செய்தேன். பாடங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்தன. கால அட்டவணையை வகுத்தவர்கள்தான் மருத்துவ ஆய்வு நடைமுறையில் எப்படி நகர்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உயிரிப்புள்ளியியல் வகுப்பை முதலில் பாராட்ட வேண்டும். சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைக்காமல், மாதிரி அளவை, அதாவது ஓர் ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்பதைக் கணக்கிடுவதிலிருந்தே தொடங்கினார்கள். ஒரு சிக்கல் நேரும் விகிதத்தைப் புதிய மருந்து 30 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான 80 விழுக்காட்டுத் திறனுக்கும் (பலன் உண்மையில் இருந்தால் அதைக் கண்டறியும் வாய்ப்பு) 5 விழுக்காட்டுப் பிழை வரம்புக்கும் (இல்லாத பலனை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு) ஒப்பிடும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறத்தாழ 290 பேர் போதும். 25 ஆக மட்டுமே குறையும் என்றால் அந்த எண்ணிக்கை 1,250ஐ நெருங்கிவிடுகிறது. எதிர்பார்க்கும் பலனைச் சற்றே மிகைப்படுத்திக் காட்டி, சிறிய ஆய்வொன்றுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பங்களை இந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு எளிதில் அடையாளம் காண முடிகிறது.

ஆய்வுக் கட்டுரைகளை அலசும் வகுப்பும் அதே தரத்தில் இருந்தது. மாரடைப்புக்குப் பின் தோன்றும் சீரற்ற இதயத் துடிப்பை அடக்கும் மருந்துகள் உயிரையும் காக்கும் என்றே பலரும் கருதியிருந்த நிலையில், காஸ்ட் (CAST) என்ற மருந்துச் சோதனை ஆய்வில் அத்தகைய மருந்துகளான என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகியவற்றை உட்கொண்டவர்களிடையே போலிமருந்து பெற்றவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்ததால், 1989இல் அவற்றின் பயன்பாடு அந்த ஆய்வில் நிறுத்தப்பட்டது. துடிப்புப் பதிவு சீரானதை மட்டும் வெற்றியாகக் கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஆய்வின் வரைபடத்தைத் திரையில் வைத்தே பேராசிரியர் விளக்கினார்.

ஆய்வு நெறிமுறைப் பாடம் மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளை வகுத்த 1964இன் ஹெல்சிங்கி பிரகடனத்தில் தொடங்கி, அதன் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் வரை வருகிறது. ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் மாற்றி எழுதும் பயிற்சி உண்மையிலேயே கடினமானது; மருத்துவர்கள் எழுதிய முதல் வரைவுகளில் பெரும்பாலானவை மருத்துவர்களுக்கு மட்டுமே புரிந்தன.

ஆய்வேட்டுக்கென ஒதுக்கியிருந்த பருவம்தான் சிக்கலே. நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்து, அவர்கள் கேட்கும் திருத்தங்களைச் செய்து, மீண்டும் அனுப்பி ஒப்புதல் பெறுவதற்குள் அந்தப் பருவத்தில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் முதல் நோயாளியைச் சேர்க்கவே முடியும். விளைவாக, எங்களில் பலர் புதிய ஆய்வைக் கைவிட்டு, பழைய மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு மாறினோம். முதல் பருவத்திலேயே விண்ணப்பத்தை எழுத வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

டிரான்ஸ்லேஷனல் என்ற பெயருக்கேற்ற பகுதியும் மெலிந்தே இருக்கிறது. நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அன்றாட மருத்துவத்துக்குள் ஏன் நுழைவதில்லை என்ற கேள்விக்குச் சில விருந்தினர் உரைகள் மட்டுமே இருந்தன. தேர்வில்கூட அது இடம்பெறவில்லை.

இத்தகைய படிப்பில் சேர நினைப்பவர்கள், வழிகாட்டிப் பேராசிரியரிடம் தற்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வு ஏதேனும் உண்டா, அதற்கு நெறிமுறை ஒப்புதல் ஏற்கெனவே பெறப்பட்டுள்ளதா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது. என் வகுப்பில் குறித்த காலத்தில் ஆய்வேட்டை ஒப்படைத்தவர்களில் பலர் அத்தகைய ஆய்வொன்றின் உட்பிரிவை எடுத்துக்கொண்டவர்களே.