கட்டம் போட்டுத் தோண்டுவதா, கேட்டுத் தோண்டுவதா?

கோவையில் மூடிக்கிடக்கும் மில் நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்றால், மண்ணில் பழைய விஷக்கழிவு இருக்கிறதா என்று சோதிக்க வருகிறவர்கள் இரண்டு ரகம். ஒருவர் வரைபடத்தில் சதுரக் கட்டம் போட்டு, கோடுகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் துளை போடுவார். இன்னொருவர் முதல் வாரம் கடப்பாரையைத் தொடவே மாட்டார். பழைய பிளான், டீக்கடை, ரிட்டையர்டு ஃபிட்டர் என்று அலைவார். இரண்டு பேரோடும் வேலை பார்த்திருக்கிறேன். என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாமவருக்குத்தான்.

கட்டம் போடுவதில் பாரபட்சம் கிடையாது. யார் சொன்னதையும் நம்பத் தேவையில்லை. கணக்குதான் உதைக்கிறது. 10 ஏக்கர் என்பது சுமார் 40,000 சதுர மீட்டர். 25 மீட்டருக்கு ஒன்று என்றால் 65 துளை. நிறையப் போட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் 10 மீட்டர் விட்டமுள்ள சாயக்குழி ஒன்று எங்கோ புதைந்திருந்தால், அதன்மேல் ஒரு துளை விழுவதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. நூற்றுக்கு 95 தடவை அகப்பட வேண்டுமானால் எட்டரை மீட்டருக்கு ஒன்று போட வேண்டும், அதாவது 560 துளை! அதற்குப் பணம் தரும் பில்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. செலவைக் குறைக்கப் பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே பொட்டலமாக லேபுக்கு அனுப்புவார்கள். ஓரிடத்தில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் குரோமியம், மற்ற ஒன்பதிலும் ஒன்றுமில்லை என்றால், ரிப்போர்ட்டில் வருவது 100. குழி காணாமலே போய்விடும்.

கேட்டுத் தோண்டுவதற்கு மில்லின் கதை தெரிய வேண்டும். கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம். மண்ணுக்கு அந்த ஒப்புமை பொருந்தாது. மான்செஸ்டர் நிலக்கரியில் ஓடிய ஊர், அங்கே சாம்பலைத் தேட வேண்டும். இங்கே முதல் மில் 1888-லேயே வந்தாலும், மில்கள் பெருகியது 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான். ஆகவே வெறும் நூற்பு மில் என்றால் நான் போவது டிரான்ஸ்பார்மர் மேடை, ஒர்க்‌ஷாப், முக்கியமாக ஜெனரேட்டர் ஷெட். 2008-ஐ ஒட்டித் தொடங்கிய பவர் கட் வருஷங்களில் ஜெனரேட்டரை நம்பி ஓடிய மில்கள் எத்தனையோ. டீசல் டேங்க் கசிந்திருந்தால் மண்ணை முகர்ந்தாலே தெரியும். நெசவும் சாயமும் சேர்ந்த காம்போசிட் மில் என்றால் கதையே வேறு: பாய்லர், ஃபர்னஸ் ஆயில் தொட்டி, சாயத்தை நிறம் பிடிக்க வைக்கப் பயன்பட்ட டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு, கசடு கொட்டிய குழி.

ஒருமுறை நாங்கள் துளை போட்டுக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்துப் பழைய ஃபிட்டர் ஒருவர் சிரித்தார். “அங்கெ என்னத்தெங்க பாக்கறீங்க? சாயக்குழி அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமுங்க. நாங்கதானுங்க மண்ணப் போட்டு மூடுனோம்.” ஒன்றரை மீட்டரில் நீலமும் கறுப்புமாகக் களி மாதிரி வந்தது. எங்கள் கட்டத்தின் புள்ளி அங்கிருந்து ஒன்பது மீட்டர் தள்ளி!

ஆனால் அவர் ஞாபகம் மில் சங்கு நின்ற நாளோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு கேட் உடைந்து கிடந்த வருஷங்களில் ராத்திரி லாரியில் வந்து கொட்டியது யாருக்குத் தெரியும்? கோவையில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை. வார்ப்பட மணல் பள்ளம் ரொப்பப் போயிருக்கும். ஷெட்டை இடித்தபோது நொறுங்கிய ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மண்ணோடு கலந்திருக்கும். இதையெல்லாம் பிடிக்கக் கட்டம்தான் லாயக்கு.

“எதற்கு இத்தனை வம்பு, மேல்மண்ணை மொத்தமாக அள்ளிவிடலாமே” என்று ஒரு மூன்றாவது கட்சி உண்டு. இங்கிலாந்தின் கார்பியில் உருக்காலை நிலத்தை அள்ளி லாரியில் கொண்டுபோனபோது பறந்த தூசியால்தான் குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள் என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வேலையில் கவனக்குறைவு என்று 2009-ல் நகர மன்றத்துக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. என்ன இருக்கிறதென்று தெரியாமல் அள்ளுவது மலிவான வழி இல்லை.

2025-ல் ஒன்றிய அரசு அறிவித்த மாசுபட்ட இடங்களுக்கான விதிகளும் முதற்கட்ட மதிப்பீடு, பிறகு விரிவான ஆய்வு என்றே போகின்றன. நான் செய்வதும் ஏறக்குறைய அதேதான். முதலில் கேட்டு, சந்தேக இடங்களில் ஆழமாகத் துளை. பிறகு குழந்தைகள் விளையாடப்போகும் இடத்தில் மட்டும் நெருக்கமான கட்டம். அங்கே மேலே 15 சென்டிமீட்டர் மண்ணைச் சோதித்தால் போதும். எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கிற, கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி ஈயம், குரோமியத்தை அங்கேயே சொல்லிவிடும். டீசல் அதற்குத் தெரியாது.

இரண்டு முறையும் கைவிடுவது தண்ணீரில். இங்கே அடியில் பாறை. மாசு, பாறையின் வெடிப்பு போகிற திசையில் போகும், நம் கோட்டுக்குக் கட்டுப்படாது. மில்லின் பழைய கிணறு மூடப்படாமல் இருந்தால் முதலில் அதில் ஒரு பாட்டில் எடுங்கள். பிறகு சுவருக்கு வெளியே இருக்கிற போர்வெல்களில்.