சொட்டுநீரா, செறிவூட்டலா, இறைப்புக்கு வரம்பா?

நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும் பாசனப் பகுதிகளில் பேச்சு மூன்றைச் சுற்றித்தான்: சொட்டுநீர்ப் பாசனம், செறிவூட்டல் (மழை, வெள்ள நீரை நிலத்தடிக்கு இறக்குவது), இறைப்புக்கு வரம்பு. மானியம் பெரும்பாலும் முதலாவதற்கு. என் ஓட்டு மூன்றாவதற்கு.

சொட்டுநீரில் பயிருக்கு ஆதாயம் உண்டு, மறுக்க முடியாது. வேரடியில் மட்டும் ஈரம், களை குறைவு, உரத்தையும் குழாயிலேயே விடலாம். ஆனால் பயிருக்கு லாபம் என்பதும் நீர்மட்டத்துக்கு லாபம் என்பதும் ஒன்றல்ல. வாய்க்காலில் பாய்ச்சும்போது வேரைத் தாண்டிக் கீழே இறங்கும் தண்ணீரை 'வீண்' என்று எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பகுதி அதே கிணற்றுக்குத்தான் திரும்புகிறது. சொட்டுநீர் போட்டால் அந்த வரத்து நிற்கும். மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் கூடுதலாகப் பயிராகும். அமெரிக்காவின் கான்சஸில் மானியம் கொடுத்துச் சிக்கனமான தெளிப்பு முனைகளுக்கு மாற்றினார்கள். இறைப்பு குறையவில்லை, கூடியது என்றது 2014இல் வெளியான ஆய்வு.

செறிவூட்டலில் நிலத்தின் அடியில் இருப்பதுதான் எல்லாம். ஆழமான வண்டல் என்றால் வெள்ள நீரை வயலிலேயே தேக்கி இறக்கலாம். கலிஃபோர்னியாவில் குளிர்காலத்தில் பழத்தோட்டங்களில் அப்படிச் செய்து பார்க்கிறார்கள். கடினப்பாறையில் விரிசல்களும் மேலே சிதைந்த அடுக்கும்தான் கொள்ளளவு. நல்ல மழையில் சீக்கிரம் நிரம்பும், கோடையில் சீக்கிரம் தீரும். கசிவுநீர்க் குட்டையின் அடியில் விரல் கனத்துக்கு வண்டல் படிந்தாலே கசிவு படுத்துவிடும். காய்ந்ததும் சுரண்டி எடுக்க வேண்டும். மேட்டில் ஒருவர் தடுப்பணை கட்டினால் பள்ளத்துக் குளத்துக்கு வரத்து குறையும் என்பது தனிச் சண்டை.

வரம்புக்கு வருவோம். அதே கான்சஸில் 'ஷெரிடன் 6' பகுதி விவசாயிகள் தாங்களே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 55 அங்குலம் (பாசன வயல் முழுக்கப் பரப்பினால் நிற்கும் தண்ணீரின் உயரம்) என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். வறண்ட ஆண்டில் கூட்டிக்கொள்ளலாம், மழை ஆண்டில் குறைத்துக்கொள்ளலாம். இறைப்பு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மக்காச்சோள விளைச்சல் கொஞ்சம் சரிந்தாலும் செலவும் குறைந்ததால் லாபம் அடிபடவில்லை. இப்படி வரம்பு கட்டிய இடத்தில் சொட்டுநீர் போடுங்கள். அப்போதுதான் மிச்சம் பூமியில் தங்கும்.

சிக்கல், இதற்கு மீட்டர் வேண்டும். இலவச மின்சாரம் ஓடும் பஞ்சாபில் அளவு வைக்க முடியாமல், 2009 சட்டம் தேதி வைத்தது: மழைக்கு முந்தைய கோடையில், ஜூன் 10க்கு முன், நெல் நடவு கூடாது. மீறினால் பச்சை வயலே காட்டிக்கொடுக்கும், கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு அவகாசம் சுருங்கி, வைக்கோல் எரிப்பு நவம்பர் பக்கம் குவிந்தது. புகை டெல்லி வரை போயிற்று.

குஜராத் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் பம்புகளுக்குத் தனி மின்பாதை, தினம் எட்டு மணி நேரம் என்று ரேஷன் வந்தது. இறைப்பு அடங்கியது. கிணறு இல்லாமல் அடுத்தவரிடம் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்த குத்தகைக்காரர்கள்தான் அடிபட்டார்கள்: விற்பவர்கள் விலையை ஏற்றினார்கள், நேரத்தையும் குறைத்தார்கள்.